மெல்பர்ன் விளையாட்டு அருங்காட்சியகம்: அப்பாவையும் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டிப்போனால் அரை நாள் போதுமா?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மெல்பர்ன் போகிறோம். தங்கை எப்பிங்கில் இருக்கிறாள், தங்குகிற செலவு இல்லை, அதனால்தான் துணிந்தேன். ஆறு பேர்: நான், மனைவி, அப்பா, அம்மா, மகன் (12), மகள் (8).

எம்சிஜி என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்குள்ளேயே விளையாட்டு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதாம். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வருவதோடு முடியாமல், பிள்ளைகள் பந்தை உதைக்கலாம், எறியலாம், இயந்திரம் அளந்து சொல்லும் என்று தங்கை சொன்னாள். மகன் அதைக் கேட்டதிலிருந்து வேறு பேச்சே பேசுவதில்லை. ஆனால் என் கவலை அப்பா. 76 வயது, முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், தோட்டத்து அணிக்கு கோல்கீப்பராக நின்றவர், வலது முழங்கால் சுத்தமாகப் போய்விட்டது. அவரை அங்கே கூட்டிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளைகள் பின்னால் ஓடுவதாக இருந்தால், அவரை வீட்டிலேயே விட்டுவிடலாமே என்று மனைவி சொல்கிறார். அதுவும் நியாயம்தான்.

26ஆம் தேதி போகலாம் என்று நினைத்திருக்கிறோம். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

யாரா நதி மருமகள்

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்தத் தேதியை அழியுங்கள்! டிசம்பர் 26 அன்றுதான் அந்த மைதானத்தில் பாக்சிங் டே டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கும். ஊரே அங்கே இருக்கும். ஆட்ட நாளில் வழிகாட்டியோடு போகும் மைதானச் சுற்று கிடையாது, அருங்காட்சியகத்துக்குள்ளும் அன்றைய ஆட்டத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர்களைத்தான் விடுவார்கள். 25 கிறிஸ்துமஸ், கதவே திறக்காது. நீங்கள் ஆறு பேரும் வெயிலில் வேலிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நாள் பாருங்கள். மைதானத்தின் நிகழ்ச்சிக் காலண்டர் இணையத்தில் இருக்கிறது, அதைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். அருங்காட்சியகமும் மைதானச் சுற்றும் சேர்ந்த குடும்ப டிக்கெட் இருக்கிறது, தனித்தனியாக எடுப்பதைவிட அதுவே மேல். சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், தன்னார்வலர்கள்தான் கூட்டிப்போவார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். உங்கள் அப்பாவோடு அவர்கள்தான் நன்றாகப் பேசுவார்கள், பாருங்கள்.

செம்பனை

தெரியாமல்தான் கேட்கிறேன், விமான டிக்கெட் ஆறு பேருக்கு, விசா, குளிர் சட்டை, எல்லாம் சேர்த்து எத்தனை ஆயிரம் வெள்ளி? அடுத்தவன் ஊர் மைதானத்தைப் பார்க்கவா? எங்கள் தோட்டத்துத் திடலைத் தட்டி வீடு கட்டிவிட்டார்கள், கோல் கம்பம் இருந்த இடத்தில் இப்போது யாரோ ஒருவருடைய காடி நிற்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் ஒரு இழை தொடங்கக் காணோம்.

மூன்றாம் டிவிசன்

செம்பனை அண்ணே, கோபம் புரிகிறது, ஆனால் அவர் தங்கை வீட்டுக்குப் போகிறார், திடலை வாங்கவா போகிறார்!

பால்மரத்தான், ஒரு யோசனை. மெல்பர்ன் போவதற்கு முன்னால் அப்பாவை ஒரு நாள் கோலாலம்பூருக்கு (கேஎல்) கூட்டிப்போய்ச் சோதித்துப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈடிஎஸ் ரயிலைப் பிடித்தால் கேஎல் சென்ட்ரல். ஜாலான் ஹங் ஜெபாட்டில் விஸ்மா ஓசிஎம் இருக்கிறது, மலேசிய ஒலிம்பிக் மன்றத்தின் கட்டடம், அதற்குள் விளையாட்டு அருங்காட்சியகமும் புகழ் மண்டபமும் உண்டு. போகும் முன் ஒரு போன் போட்டு நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே மெர்டேக்கா ஸ்டேடியம். அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், எப்போது முகம் சுருங்குகிறது, எத்தனை முறை கழிவறை தேடுகிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும். நான் என் மாமனாரை இப்படிச் சோதிக்காமல் வேறொரு ஊருக்குக் கூட்டிப்போய், நடுவழியில் சக்கர நாற்காலிக்கு அலைந்த கதை பெரிய கதை.

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

அக்கா, காப்பாற்றினீர்கள். 26 அன்று பொது விடுமுறை, கூட்டம் குறைவாக இருக்கும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். நமக்கு கிரிக்கெட் எங்கே தெரிகிறது! 18ஆம் தேதிக்கு மாற்றிவிட்டேன், காலண்டரில் அன்று எதுவும் இல்லை.

கேஎல் யோசனை பிடித்திருக்கிறது, செய்கிறேன்.

அடுத்த கேள்வி. உள்ளே போனதும் பிள்ளைகளை விளையாட விடுவதா, முதலில் காட்சிகளைப் பார்க்க வைப்பதா? வீட்டில் இதற்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது.

தே தாரே கிங்

நான் போன வருடம் இரண்டு பையன்களோடு போனேன். கேட் 3 வழியாக உள்ளே நுழைவோம். விளையாடும் பகுதிக்கு 'கேம் ஆன்' என்று பெயர். என் ஓட்டு: முதலில் விளையாட விடுங்கள். வாசலிலிருந்தே சத்தம் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டு எந்தப் பையனும் 1877 என்று எழுதிய அட்டையைப் படிக்க மாட்டான். என் பெரியவன் முதல் அரை மணி நேரம் என் சட்டையைப் பிடித்து இழுத்ததிலேயே ஒரு பொத்தான் போய்விட்டது.

பத்து மணிக்குத் திறக்கும்போதே போய் நில்லுங்கள். கூட்டம் வந்துவிட்டால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வரிசை, முன்னால் நிற்கிற பிள்ளை ஐந்தாவது முறை உதைத்துக்கொண்டிருக்கும், அதன் அப்பா படம் எடுத்துக்கொண்டிருப்பார், நாம் சிரித்துக்கொண்டே பல்லைக் கடிக்க வேண்டும். செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டுவிடுங்கள்.

கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் பேசுகிற மாதிரி ஒரு ஒளி உருவக் காட்சி இருந்தது. ஆள் 2022இல் போய்விட்டார், ஆனால் அங்கே நம் எதிரில் நின்று கதை சொல்கிறார். என் சின்னவன் 'இவர் உயிரோடதானே இருக்கார்?' என்று கேட்டான், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கிரிக்கெட் தெரியாது என்கிறீர்கள், இதையாவது பையனிடம் சொல்லுங்கள்: 2022 அக்டோபர் 23, இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டி20 உலகக் கிண்ண ஆட்டம் இதே மைதானத்தில்தான், 90,293 பேர். விராட் கோலி 82 ஓட்டம் அடித்தார், எல்லாரும் அதையே பேசுவார்கள். ஆனால் கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் வேண்டும் என்று இருந்தபோது, லெக் பக்கம் போன பந்தைத் தொடாமல் அப்படியே விட்டு வைட் (ஒரு ஓட்டமும் இன்னொரு பந்தும் சும்மா கிடைக்கும்) வாங்கியது நம் சென்னை அஸ்வின். அடுத்த பந்தைத் தூக்கி அடித்து ஆட்டத்தை முடித்ததும் அவர்தான். அந்த நேரத்தில் பந்தைத் தொடாமல் விட எவ்வளவு தெம்பு வேண்டும்! சுற்றில் மைதானத்தை மேலிருந்து பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

பீடோர் டீச்சர்

தே தாரே தம்பியோடு ஒத்துப்போக முடியவில்லை. முதலில் விளையாட விட்டால் அவ்வளவுதான், அப்புறம் வேர்த்து விறுவிறுத்து, பசி, தாகம், ஐஸ்கிரீம். காட்சிப் பெட்டிகளை ஓட்டமாகக் கடந்து வாசலுக்கு வந்துவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகளை இப்படிக் கூட்டிப்போய் அனுபவப்பட்டவள் சொல்கிறேன். முதல் ஒரு மணி நேரம் காட்சி, அதற்குப் பிறகு விளையாட்டு, நடுவில் பேரம் பேசக் கூடாது.

ஆனால் சும்மா 'பார், பார்' என்றால் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு தேடல் கொடுங்கள். மகளுக்கு: ஆஸ்திரேலிய ஓட்டக்காரி கேத்தி ஃப்ரீமன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓடியபோது போட்டிருந்த உடையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், தலையை மூடும் தொப்பியோடு சேர்ந்த ஒரே உடை, 49.11 விநாடி. கண்டுபிடித்ததும், அதே 400 மீட்டரில் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது நம் எம்.ராஜாமணி என்று சொல்லுங்கள். அந்த ஆண்டுதான் அவர் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை, ஆண்களில் எம்.ஜெகதீசன். பள்ளியில் கேட்டுப்பாருங்கள், பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்குக்கூட ராஜாமணி யார் என்று தெரியாது.

மகனுக்கு: ஆஸ்திரேலியக் கால்பந்தின் முதல் விதிகளை 1859இல் கையால் எழுதிய தாள் அங்கே இருக்கிறது. அதைத் தேடட்டும்.

உங்கள் அப்பாவுக்கு: 1956. அந்த ஆண்டு ஒலிம்பிக்கின் முதன்மை மைதானம் எம்சிஜிதான், மலாயா என்ற பெயரில் நம் நாடு முதன்முதலாக ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் அங்கேதான். நவம்பர் 22 தொடக்க விழா, அப்போது மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திரத்துக்கு, இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. நாடு ஆகும் முன்னாலேயே அந்தத் திடலில் நாம் அணிவகுத்து நடந்திருக்கிறோம். குதிரைப் போட்டிகள் மட்டும் அங்கே நடக்கவில்லை, வெளியிலிருந்து குதிரைகளைக் கொண்டுவர ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் இடம் கொடுக்காததால் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். அந்தச் சட்டக் கெடுபிடி இன்றும் அப்படியேதான், நீங்கள் ஊறுகாய் கொண்டுபோகும்போது தெரியும்.

தே தாரே கிங்

டீச்சர், நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள், நாங்கள் வெறும் அப்பாக்கள். ஆனால் ஒன்று: தானே ஒருமுறை ஓடி, தன் நேரம் எவ்வளவு என்று திரையில் பார்த்த பிறகுதான் 49.11 என்றால் என்ன என்று என் பையனுக்கு உறைத்தது. அதற்கு முன் அது வெறும் எண்.

சரி, நடுவில் ஒரு வழி. பெரியவர்கள் நான்கு பேர் இருக்கிறீர்களே, ஏன் எல்லாரும் ஒரே கூட்டமாகப் போக வேண்டும்? ஒருவர் பிள்ளைகளோடு விளையாட்டுப் பகுதிக்கு, ஒருவர் அப்பா அம்மாவோடு காட்சிகளுக்கு, ஒரு மணி நேரத்தில் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரா நதி மருமகள்

எப்பிங் என்றால் உங்களுக்கு வசதி. மெர்ண்டா தடத்து ரயில், ஏறி உட்கார்ந்தால் ஜோலிமாண்ட் ஸ்டேஷனில் இறங்க வேண்டியதுதான், மாற வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து யாரா பார்க் மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடை, அப்பாவுக்கு முடியும். நகரத்தின் இலவச டிராம் எல்லைக்கு வெளியே இருக்கிறது மைதானம், 'இலவசம்தானே' என்று கார்டைத் தட்டாமல் ஏறிவிடாதீர்கள்.

வந்து இறங்கிய அன்றே போகாதீர்கள். எட்டு மணி நேர விமானம், இரவு முழுக்கத் தூக்கம் இருக்காது, டிசம்பரில் இங்கே மூன்று மணி நேரம் முன்னால் ஓடும், காலை பத்து என்றால் உங்கள் உடம்புக்கு ஏழு. வெயில் அடிக்கும், ஒரு மணி நேரத்தில் குளிர்காற்று வீசும், எல்லாருக்கும் ஒரு கம்பளிச் சட்டை பையில் இருக்கட்டும். அம்மா கோயில் கேட்பார், கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் நல்ல கோயில், ஆனால் எப்பிங்குக்கு நகரத்தின் மறுகோடி, அதற்கு வேறொரு நாள்.

விசாவை போனிலேயே ஈடிஏ செயலியில் போடலாம், ஆளுக்கு 20 ஆஸ்திரேலிய டாலர், பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. அப்புறம் சாப்பாட்டுச் சாமான். நெத்திலி, மசாலாத்தூள், ஊறுகாய் எது இருந்தாலும் பயணி அட்டையில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள், சொல்லிக் காட்டினால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் அபராதம். பச்சைக் கருவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்பாவின் மாத்திரைகளைப் பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பனை

பால்மரத்தான் தம்பி, உங்கள் அப்பா எந்தத் தோட்டம்? பெயர் சொல்ல வேண்டாம், சிப்புட் பக்கமா, கங்சார் பக்கமா? என் அண்ணனும் எழுபதுகளில் பந்து விளையாடியவர். சம்பளத் திங்கள் முடிந்த ஞாயிறு ஆட்டம் என்றால் லயத்தில் ஒரு ஆள் இருக்காது, கிராணி வீட்டு அம்மாகூட வந்து நிற்பார். ஒரு கோல்கீப்பர் இருந்தார், கையுறை இல்லாமல், பால் வெட்டப் போகும்போது கட்டுகிற பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்பார்.

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

அண்ணே, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'துணி எல்லாரும்தான் சுத்துவோம், யாருன்னு சொல்றது' என்கிறார். சிப்புட் பக்கம்தான்.

கேஎல் போய் வந்தோம். விஸ்மா ஓசிஎம்மில் நாற்பது நிமிடம் தாங்கினார், பிறகு நாற்காலி. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் வாய் மூடவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் கால்பந்தில் நாம் அமெரிக்காவை 3–0 ஜெயித்தது, நம் கோல்கீப்பர் ஆறுமுகத்துக்கு கை நீளம் என்பதால் ஸ்பைடர்மேன் என்று பெயர் வந்தது, 1988இல் அவர் விபத்தில் போனபோது இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதது, எல்லாம் வந்தது. இந்தக் கதைகளில் பாதியை நானே முதல்முறை கேட்கிறேன். 1975 உலகக் கிண்ண ஹாக்கி அரையிறுதியில் இந்தியாவிடம் 3–2 தோற்றதற்கு மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. 'நீங்க அன்னிக்கு யாரு பக்கம் தாத்தா?' என்று மகன் கேட்டான். 'இது என்னடா கேள்வி' என்று முறைத்தார்.

மெர்டேக்கா ஸ்டேடியத்தை வெளியே நின்று பார்த்தோம். பக்கத்துக் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்க, இவர் மட்டும் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

முடிவு: அப்பா வருகிறார். மனைவியும் சரி என்றுவிட்டார்.

மூன்றாம் டிவிசன்

நாற்பது நிமிடம் நல்ல கணக்கு. அப்படியானால் முதலில் சுற்று வேண்டாம், அருங்காட்சியகத்தில் அரை மணி, உட்கார்ந்து ஒரு தேநீர், அப்புறம் சுற்று. படிக்கட்டு முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மின்தூக்கி வழியாகக் கூட்டிப்போவார்கள்.

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

ஜனவரி ஆகிவிட்டது, மன்னிக்கவும். பள்ளி தொடங்கும் அமளி. போய் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் தோற்றார், தே தாரே ஜெயித்தார், ஆனால் காரணம் வேறு. உள்ளே நுழைந்ததும் மகன் ஓடிவிட்டான், பிடிக்க முடியவில்லை. மகள்தான் சொன்னபடி கேத்தி ஃப்ரீமன் உடையைத் தேடினாள். கண்ணாடிக்கு முன் நின்று 'இவ்வளவு சின்னதா இருக்கு' என்றாள். அப்புறம் விளையாட்டுப் பகுதியில் அண்ணனை ஒரு ஆட்டத்தில் தோற்கடித்துவிட்டாள். எந்த ஆட்டம் என்று எழுதக் கூடாது என்பது மகனின் நிபந்தனை.

அப்பா 1956 பக்கம் கொஞ்ச நேரம் நின்றார். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, மலாயா என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஆஸ்திரேலியக் கால்பந்துப் பகுதிக்கு வந்தபோதுதான் வேடிக்கை. ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம், நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று என்று மகன் விளக்கிக்கொண்டிருந்தான். 'கோல்கீப்பர் எங்கடா நிப்பான்?' என்றார். கோல்கீப்பரே கிடையாது தாத்தா என்றான். அவருக்கு நம்பிக்கை இல்லை. சுற்றுக்கு வந்த தன்னார்வலப் பெரியவரிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். அவரும் இல்லை என்றார். 'நாலு கம்பத்த நட்டுட்டு ஒருத்தன நிக்க வைக்கலையா' என்று தமிழிலேயே அவரைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தப் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு இருவரும் ஜோடி. அவருக்கும் முழங்கால் வலியாம், இருவரும் காலைத் தட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார்கள், நான் தேவையே படவில்லை.

மைதான ஓரம் வரை கூட்டிப்போனார்கள், புல்லில் கால் வைக்கக் கூடாது. அப்பா குனிந்து, வேலி ஓரம் நின்று அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நம்ம திடல்ல இதுல பாதி புல்லு இருந்திருந்தா இந்தக் கால் இருந்திருக்கும்' என்றார். அம்மா உடனே, 'இருந்திருந்தா நீங்க வேலைக்கே போயிருக்க மாட்டீங்க' என்றார்.

மொத்தம் நாலு மணி நேரம், நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தோம். ஊறுகாயைச் சொல்லிக் காட்டினோம், விட்டுவிட்டார்கள். அம்மா எங்களுக்குத் தெரியாமல் கைப்பையில் வைத்திருந்த கருவேப்பிலையை மட்டும் விமான நிலையத்திலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம்.

செம்பனை

அப்பாவிடம் கேளுங்கள், 1974 வாக்கில் கங்சார் பக்கத்து அணியோடு ஆடிய ஆட்டத்தில், மழையில், பெனால்டி பிடித்த ஆள் அவரா என்று. எங்கள் அண்ணன்தான் அந்தப் பெனால்டியை அடித்தவர்.

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்)

கேட்டேன் அண்ணே. 'அடிச்சவன் பேரு என்ன' என்கிறார். தனிச் செய்தியில் உங்கள் நம்பரைப் போடுங்கள், ஞாயிறு காலை பசியாறிவிட்டு நானே அழைக்கிறேன், இருவரும் பேசட்டும்.